தெரிலம்மா

எங்கள் அலுவலகத்தில் சம்பளமும் வாங்கிக்கொண்டு ‘தெரியாது’ என்றும் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும், ஏனென்றால் சேவையில் நான் அவரைவிடப் பதினோரு மாதம் மூத்தவன்.

எண்பதுகளின் நடுவில், பழவேற்காட்டு ஏரியைத் தாண்டி, லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் ஒரு தகரக் கொட்டகை போட்டு எங்கள் இரண்டு பேரையும் உள்ளே வைத்திருந்தார்கள். காற்றை அளந்து மீனவர்களுக்குக் கொடி காட்டும் திட்டம் அது. காற்று குறைவாக இருந்தால் வெள்ளைக் கொடி, போகலாம். அதிகமாக இருந்தால் சிவப்புக் கொடி, போகக் கூடாது. தலைமுறை தலைமுறையாகக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காற்று அடிக்கிறதா என்று சொல்ல, மயிலாப்பூரிலிருந்து என்னையும் பொன்னேரியிலிருந்து அவரையும் அனுப்பியிருந்தது அரசாங்கம். அதன் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

தினமும் காலையில் அவர் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து, தோணியில் அக்கரை சேர்ந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வருவார். முப்பது முப்பத்திரண்டு வயது. ஒல்லியான பெண். தோளில் ஒரு துணிப்பை, அதில் சோற்று டப்பாவும் சுருட்டிய கம்ப்யூட்டர் தாளும். பேச்சு குறைவு. பேசினாலும் பாதி நேரம் அந்த ஒரே வார்த்தைதான்.

ஒருநாள் சாயங்காலம் பஸ் நிலையத்தில் நாங்கள் இருவரும் நிற்கும்போது கூடைக்காரர் ஒருவர் வந்து, “பொன்னேரி பஸ்ஸு எப்பம்மா வரும்?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க.”

“போயிட்ச்சா?”

“அதுவும் தெரியாதுங்க. இப்பதான் தோணியிலேர்ந்து எறங்கினோம்.”

நானும் அதே தோணியிலிருந்து இறங்கியவன்தான். ஆனாலும் மனசு கேட்குமா? “இப்ப வந்துடும், குந்துங்க” என்றேன். அவர் கூடையை இறக்கிவைத்து, ஒன்றரை மணி நேரம் என் பேச்சை நம்பிக் குந்தியிருந்தார். கடைசியில் பஸ் வந்தபோது எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவரைப் பார்த்து, “படிச்ச பொண்ணு, இதுகூட தெரில” என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறினார்.

பெண் பார்க்க வந்த வீட்டாரிடமும் இதே கூத்துதானாம். “எங்க பையனப் புடிச்சிருக்காம்மா?” என்று கேட்டதற்கு, “பத்து நிமிஷம்தான பாத்தேன், தெரியலைங்களே” என்றிருக்கிறார். வந்தவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “பொய் சொல்லியிருந்தா அந்தப் பையன் பாவம்” என்றார். எனக்குத் தெரிந்தவரை அந்தப் பையன் தப்பித்தான்.

இனி மெஷினுக்கு வருகிறேன். இவரிடம் இருந்த வியாதியை இவர் மெஷினுக்கும் ஒட்டவைத்துவிட்டதுதான் விஷயமே.

கொட்டகைக்குள் ஒரு கம்ப்யூட்டரும் காதைக் கிழிக்கும் ஒரு பிரிண்டரும் இருந்தன. நாங்கள் எழுதும் கணக்கை அந்தக் கம்ப்யூட்டரின் சில்லு, அதாவது சிப், நேரடியாகப் படிக்காது. நடுவில் அவர் எழுதிய இன்னொரு மெஷின் இருந்தது. அதில் இரும்பும் கிடையாது, கம்பியும் கிடையாது, முழுக்க முழுக்க புரோகிராம். எங்களுக்காக அவர் உண்டாக்கிய எளிய மொழியில் நாங்கள் எழுதித் தருவதை, அந்த உள் மெஷின் ஒவ்வொரு கட்டளையாகப் படித்துச் சில்லிடம் வேலை வாங்கும். இது வரைக்கும் எல்லோரும் செய்வதுதான்.

சில்லுக்கு ஒரு குணம் உண்டு. பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னாலோ, இல்லாத முகவரியிலிருந்து எதையாவது எடுக்கச் சொன்னாலோ, கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, நினைவகத்தில் முன்கூட்டியே குறித்துவைத்த ஓர் இடத்துக்குத் தாவிவிடும். அங்கே அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரோகிராம் இருந்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் மொத்தமும் உறைந்துபோகும். நாமெல்லாம் என்ன செய்வோம்? ஸ்விட்சை அணைத்துப் போடுவோம், டீ குடிக்கப் போவோம். மனிதனுக்கு அது போதாதா?

அவருக்குப் போதவில்லை. அந்த இடத்தில் ஒரு புரோகிராமாகப் போய்க் காவல் உட்கார்ந்தார். சில்லு தாவி வந்தால் அதைப் பிடித்து, அதன் கையில் இருந்ததையெல்லாம் பத்திரப்படுத்தி, உள் மெஷின் அந்த நேரத்தில் எந்தக் கட்டளையில் இருந்தது, அது நாங்கள் எழுதியதில் எத்தனையாவது வரி என்று தேடி எடுத்து, அதை எங்கள் மொழியிலேயே ஒரு பிழையாக மாற்றித் தாளில் அடிப்பார். சில நேரம் இப்படித் தாவி விழும்போது சில்லு தான் விழுந்த இடத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிச் சொல்லுமாம். அதனால் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால், இப்போது இங்கே இருக்கிறேன் என்று உள் மெஷினையே குறித்துக்கொள்ள வைத்தார். அதனால் மெஷின் ஆமை வேகத்துக்கு வந்தது. கணக்கு முடிவதற்குள் என் டீ ஆறிவிடும்.

“எதுக்கு மேடம் இவ்ளோ மெனக்கெடறீங்க?” என்று கேட்டேன்.

“விழுந்தா விழுந்தேன்னு சொல்லணும் சார். எங்க விழுந்தேன்னு சொல்லணும். யார் தப்புன்னும் சொல்லணும்.”

கடைசியில் சொன்னதைச் சும்மா சொல்லவில்லை. விழுந்ததற்குக் காரணம் நாங்கள் எழுதிய கணக்கா, அவர் எழுதிய உள் மெஷினா என்று அது பிரித்துப் பார்க்கும். கணக்கு என்றால் வரி எண்ணைப் போட்டு, ‘விடை தெரியவில்லை’ என்று அடிக்கும். உள் மெஷினிலேயே கோளாறு என்றால், ‘உங்கள் மேல் தப்பு இல்லை. என் தப்பு’ என்று அடிக்கும். தமிழ் எழுத்து பிரிண்டரில் வராத காலம், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தரும். எங்கள் அதிகாரி அந்தத் தாளைப் பார்த்த அன்று முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

“இன்னாம்மா இது? அரசாங்க மெஷின், அரசாங்கத் தாள்ல, ‘என் தப்பு’ன்னு அடிக்குது? ஆடிட்ல யார் பதில் சொல்றது?”

“தப்பு என்னுதுதான சார்?”

“அதுக்கு? வெளிய சொல்லிடுவீங்களா?”

அவர் அந்தக் கேள்வியை நிஜமான கேள்வி என்று நினைத்துக்கொண்டு, “ஆமா சார்” என்றார்.

காற்றளக்கும் கருவி கொட்டகைக்கு இருபதடி தள்ளி ஒரு கம்பத்தின் மேல் இருந்தது. சின்னக் கிண்ணிகள் நாலு, காற்றில் சுற்றும். கோப்பில் அது முப்பதடிக் கம்பம். மணலில் பன்னிரண்டு அடிதான் இருந்தது. மீதி எங்கே போயிற்று என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. கிண்ணி ஒரு சுற்று சுற்றினால் ஓர் அளவு வரும். அரை மணி நேரத்தில் வந்த அளவுகளையெல்லாம் கூட்டி, எத்தனை அளவு வந்ததோ அதால் வகுத்தால் சராசரிக் காற்று. கணக்கு நான் எழுதியது, வகுக்கிற இடம் நாற்பதாவது வரி. கிண்ணி சுற்றவே இல்லையென்றால்? அளவே வராது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். சில்லு தாவும், காவல் பிடிக்கும், ‘வரி நாற்பது. வகுக்கும் எண் பூஜ்யம். விடை தெரியவில்லை.’

எண் வராத நாளில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர் பாதுகாப்பாக எழுதிவிட்டார், அவர் மீன் பிடிக்கப் போகிறவர் இல்லையே. ஆக, ஓர் இலைகூட அசையாத, ஏரியும் கடலும் சாதுவாகப் படுத்துக்கிடக்கிற அருமையான காலைகளில் கொட்டகையின் மறுபக்கம் இருந்த உயரமான கொடிக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறும்.

இதில் அடிபட்டவர் எத்திராஜு. குப்பத்து மீனவர், நாற்பது வயது, எங்கள் கொட்டகைக்குப் பக்கத்து வீடு. இந்தப் பக்கத்தில் பாடு என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தில், அதாவது ஏரி கடலோடு சேருகிற இடத்தில், மீன் அதிகம். ஆளாளுக்கு அங்கே போய் வலை போட முடியாது. குலுக்கிப் போட்டு, எந்த நாள் யாருடையது என்று ஊரே கூடி முடிவு செய்யும். உன் நாளில் நீ போகவில்லையென்றால் போனது போனதுதான், மறுபடி முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். வலைக்கும் எண்ணெய்க்கும் சலுகை வேண்டுமானால் எங்கள் கொடிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டு வைத்திருந்தார்கள். எத்திராஜுவுக்குப் பாடு வந்த நாளன்று காற்றே இல்லை. அதனால் சிவப்பு.

வந்தார் மனிதர் கொட்டகைக்கு.

“இன்னா சார் இது? ஏரி அப்டியே எண்ணெ ஊத்தினாப்போல கெடக்குது. செவப்பு ஏத்தினுக்கிறீங்க?”

“மெஷின் தெரியலைன்னு சொல்லுதுப்பா” என்றேன்.

“தெரியாததுக்கு இன்னாத்துக்கு சார் மெஷினு? எங்க நைனாவுக்குக்கூடதான் ஆயிரம் விஷயம் தெரியாது. அவருக்கு நாங்க ஷெட்டா கட்டினோம்?”

உள்ளே உட்கார்ந்திருந்த மேடம் எழுந்து வாசலுக்குப் போனார். “உங்க முறை போனது எங்களாலதான் அண்ணே. மன்னிச்சுக்குங்க. ஆனா கிண்ணி சுத்தலைன்னா காத்து இல்லைன்னு நான் எழுத முடியாது. துருப்புடிச்சி நின்னாலும் சுத்தாது இல்ல?”

அன்று கொட்டகைக்கு வந்திருந்த அதிகாரியிடம் அப்போதே ஒரு யோசனையும் சொன்னார். மெஷினுக்குத் தெரியாத நாளில் எந்தக் கொடியும் வேண்டாம், கம்பம் வெறுமனே நிற்கட்டும், எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களே கடலைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம்.

“வெறுங்கம்பம்னா ஆபீஸ் லீவுன்னு நெனைப்பாங்க” என்றார் அதிகாரி. “ரூல்ல ரெண்டு கொடிதான் இருக்கு.”

“அத்து சரியான பேச்சு சார்!” என்று வாசலிலிருந்து எத்திராஜு குரல் கொடுத்தார். “தெரிலன்னா எறக்கிடுங்க. நாங்க பாத்துக்கிறோம். ஏத்தினா மட்டும் உண்மையா ஏத்துங்க.”

விதியில் இடமில்லாததால் அந்த யோசனை அங்கேயே செத்தது. எத்திராஜு போகும்போது சிரித்துக்கொண்டே, “வரேன் தெரிலம்மா” என்றார். அந்தப் பெயர் அன்றைக்கே குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. அவருக்கு அதில் கோபமில்லை. தெரியாதது உண்மைதானே என்று விட்டுவிட்டார்.

அடுத்த மாதம் மேலதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள். கொடிகள் அழுக்காக இருக்கின்றன என்று இரண்டையும் பொன்னேரிக்கு வெளுக்க அனுப்பினார்கள். வெள்ளை மட்டும் திரும்பி வந்தது, சிவப்பு சாயம் போய்விட்டதென்று மறுபடி சாயத்தில் நனைக்கப் போயிற்று. அந்த வாரம் பார்த்து மேடத்தின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாலு நாள் விடுப்பில் போனார். அவர் போன சாயங்காலமே அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“பெரியவர் முன்னால அந்த மெஷின் ‘தெரியலை தெரியலை’ன்னு அடிச்சா என் மானம் போயிடும். எதுனா பண்ணுங்க.”

எனக்கு அது ஒரு வேலையா? அவர் காவல் உட்கார்ந்திருந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே போய், பூஜ்யத்தால் வகுத்துச் சில்லு தாவி வந்தால், விடை பூஜ்யம் என்று அதன் கையில் கொடுத்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி அடுத்த கட்டளைக்கு அனுப்பிவிடச் சொன்னேன். நாலே கட்டளை. பல மாதம் அவர் கட்டிய கோட்டையை டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டேன். அளவு வரவில்லையென்றால் காற்று இல்லை, சின்னக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு. அன்று என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஆய்வு நாளன்று காற்று அசையவில்லை. ‘காற்று 0. கொடி வெள்ளை’ என்று மெஷின் கம்பீரமாக அடித்தது. மேலதிகாரி இளநீர் குடித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை. எத்திராஜுவின் மனைவி செங்கேணி எங்கள் காற்றுக் கம்பத்தைச் சுற்றித்தான் எப்போதும் கருவாடு காயப்போடுவாள். காக்கை தூக்கிக்கொண்டு போகிறதென்று அன்று விடியலில் ஒரு பழைய வலையை எடுத்து, ஒரு முனையைக் குச்சியில் கட்டி, மறு முனையைத் துடுப்பால் தூக்கிக் கம்பத்தின் உச்சியில் மாட்டியிருக்கிறாள். பன்னிரண்டு அடிக் கம்பம், துடுப்புக்கு எட்டுகிற உயரம்தான். வலை கிண்ணிகளில் சுற்றிக்கொண்டது. கிண்ணி நின்றது.

கொட்டகைக்குள் நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று 0. தலைக்கு மேல் தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தகரம் அரசாங்கக் கருவி இல்லையே, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது? வெளியே போய் வெள்ளைக் கொடியைக் கயிற்றில் கட்டினேன். கொடி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஏறி, மேலே விறைத்துப் படபடத்தது. காற்றே இல்லை என்று சொல்லும் கொடி காற்றில் கிழிந்துவிடுவதுபோல் அடித்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நாலு சாத்து சாத்தலாம்போல் இருக்கிறது.

அன்று எத்திராஜுவுக்கு மறுபடி பாடு வந்திருந்தது. அவர்கள் படகு எடுப்பது ஏரிப் பக்கம், சவுக்குத் தோப்பின் மறைவில். கடல் காற்று அங்கே பாதிதான் தெரியும். கொஞ்சம் காற்று இருப்பது அவருக்கும் தெரிந்தது. ஆனால் போன முறையே போய்விட்டது. கொடியோ வெள்ளை. அவரும் இன்னும் இரண்டு பேரும் முகத்துவாரத்துக்குப் போய்விட்டார்கள்.

விடுப்பு முடிந்து அவர் வந்த நாள் அது. தோணியிலிருந்து இறங்கி வரும்போதே கொடியைப் பார்த்திருக்கிறார். செருப்பைக் கழற்றாமலே மணலில் ஓடிவந்தார். காற்றுக் கம்பத்தில் வலையைப் பார்த்தார். உள்ளே வந்து தாளைப் பார்த்தார். வெளியே போய் வெள்ளைக் கொடியை இறக்கினார்.

நான் பின்னாலேயே ஓடி, “சிவப்பு சாயத்துக்குப் போயிருக்கே, இப்ப எதை ஏத்தறது?” என்றேன்.

“ஒண்ணும் ஏத்த வேணாம்.”

கொடிக் கம்பம் வெறுமனே நின்றது. செங்கேணி எங்கிருந்தோ ஓடிவந்து, “அவரு முகத்துவாரத்துக்குப் போயிக்கிறாரும்மா!” என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள். அவர் செங்கேணியின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்துவாரம் தெரிகிற மேட்டில் போய் நின்றார். “வந்துடுவாராம்மா?” என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர், “தெரியலையேம்மா” என்றார். அப்போதாவது ஒரு பொய் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் அவள் கையை விடவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் படகு வந்தது, பாதி தண்ணீரோடு. மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். வலை இல்லை.

“அலை மேல ஏறி எறங்குது, வலையில மீனு நல்லா வுழுந்துகுது, விட மனசில்ல” என்றார் எத்திராஜு, மூச்சு வாங்கிக்கொண்டே. “திரும்பி கம்பத்தப் பாத்தேன். வெள்ளைய காணோம், வெறுங்கம்பம். நம்ம தெரிலம்மா வந்துட்டாங்கடா, ஏத்துனது பொய்யி, அதான் எறக்கிட்டாங்கன்னேன். வலைய அறுத்து விட்டுட்டு திருப்பிட்டோம்.”

விதியில் இல்லாத கொடியை அந்த மனிதர் மட்டும் சரியாகப் படித்திருந்தார்.

மத்தியானம் அதிகாரி வந்து கொட்டகையில் விசாரணை வைத்தார். அவருக்கு விஷயம் மிகத் தெளிவாக இருந்தது. அரசாங்கக் கம்பத்தில் வலை கட்டியது செங்கேணி. அவள் மேல் புகார் எழுதுவது, அந்த இடத்தில் இனி யாரும் கருவாடு காயப்போடக் கூடாதென்று வேலி போடுவது. அத்தனை பெண்களின் பிழைப்பு அந்த மணலில்தான் இருந்தது. செங்கேணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் சார் கட்டினேன். காக்கா தூக்கினு போவுதேன்னு கட்டினேன். எம் புருசனையே சாவடிக்கப் பாத்தேனே சார்” என்று அழுதாள்.

அதிகாரி எழுதிக்கொண்டே, கடமைக்கு என் பக்கம் திரும்பினார். “கிண்ணி நின்னா மெஷின் தெரியலைன்னுதான அடிக்கணும்? ஜீரோன்னு எப்படி அடிச்சுது?”

எப்படி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்பது அவர் கண்ணிலேயே எழுதியிருந்தது.

“தெரியாது சார்” என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த மேடம் தலையைத் தூக்கினார். கத்தவில்லை. சண்டை போடுகிற முகமும் இல்லை.

“அது தெரியாதவங்க சொல்ற வார்த்தை சார். அதை நீங்க எடுத்துக்காதீங்க.”

தகரம் மேலே அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. செங்கேணி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது, அதிகாரி சொன்னார், ஆய்வு வந்தது, கொடி வெளுக்கப் போனது என்று. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த இடமாற்றமும், நின்றுபோன சம்பள உயர்வும், வீட்டில் வாங்கிய பேச்சும் அந்த நிமிஷத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவைதான். நான் எழுந்து, அதிகாரியை விட்டுவிட்டு, செங்கேணியின் பக்கம் திரும்பினேன். நான் எத்தனையோ நாள் கிண்டல் செய்த அந்த மெஷின் அடிக்கிற வரிதான் வாயில் வந்தது.

“உன் மேல தப்பு இல்லம்மா. என் தப்பு.”